கடுப்பு யாருக்கு

நான் கோபக்காரி. இதை நானே முதலில் சொல்லிவிடுவது நல்லது. கிள்ளானில் எங்கள் அடுக்குமாடியில் யாரிடம் கேட்டாலும் என்னைப் பற்றி அதைத்தான் சொல்வார்கள். லிஃப்டுக்குள் குப்பைப் பையை வைத்துவிட்டு நழுவுகிறவர்கள், என் காய்ந்த துணிக்கு மேலே தன் ஈரத் துணியைத் தொங்கவிடும் மேல்மாடிக்காரி, எடுத்த பொருளை எடுத்த இடத்தில் வைக்கத் தெரியாத என் மகள், எல்லாரும் என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள்தான். என் வீட்டுக்காரர் மட்டும் தப்பித்துவிடுவார். துறைமுகத்துக்கு லோரி ஓட்டுகிறவர். நாள் முழுக்க ஹாரன் சத்தம் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால் எதற்கும் "சரி லா" என்று முடித்துக்கொள்வார். சண்டைக்கு வராத மனிதரிடம் எவ்வளவு நேரம்தான் சண்டை போடுவது?

எங்கள் வீட்டில் என் கோபத்துக்கு ஒரு பெயர் உண்டு. கடுப்பு. "அம்மா கடுப்புல இருக்காங்க" என்று மகள் வாசலிலேயே அப்பாவை எச்சரித்துவிடுவாள். அவர் செருப்பைச் சத்தமில்லாமல் கழற்றுவார். நானே என் வாயால் "கடுப்பா இருக்கு" என்று சொல்லிவிட்டால் போதும், ஹால் காலியாகிவிடும். விபத்துக்கு முன்னாலிருந்தே இது நடப்பதுதான். அப்போதெல்லாம் எனக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

விபத்து என்றேன். கிள்ளானுக்கு வெளியே மேரு பக்கம் ஒரு ரப்பர் கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்தேன். பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். அங்கே ஒரு நீளச் சங்கிலியில் வெள்ளைப் பீங்கான் கைகள் வரிசை வரிசையாகத் தொங்கிக்கொண்டு வரும். ரப்பர் பாலில் முங்கும், சூட்டுக்குள் போய்க் காயும், கடைசியில் எங்களிடம் வந்து சேரும். மேலே படிந்திருக்கும் உறையை நாங்கள் உருவி எடுக்க வேண்டும். புதிதாக வேலைக்கு வரும் பெண்கள் கனவில்கூட கைகளாகவே வருகிறது என்பார்கள். நான் அவர்களுக்கெல்லாம் தலைவி. ஒருநாள் சங்கிலி நின்றுவிட்டது என்று நினைத்து, சிக்கியிருந்த ஓர் உறையை எடுக்கக் கையை விட்டேன். அது நிற்கவில்லை. வலது கை போய்விட்டது, முழங்கைக்குக் கீழே கொஞ்சம்தான் மிச்சம். கை செய்கிற இடத்திலேயே கையை விட்டுவிட்டு வந்திருக்கிறேன் என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு சொன்னேன். சிரிப்பார்கள் என்று நினைத்தேன். வீட்டுக்காரர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஆனால் கை போகவில்லை. இதைத்தான் எனக்கு யாரிடமும் சொல்லத் தெரியவில்லை. கட்டுப் பிரித்த பிறகும் அது அங்கேயே இருந்தது, கண்ணுக்குத்தான் தெரியவில்லை. சங்கிலி இழுத்த நேரத்தில் எப்படி மூடிக்கொண்டதோ அப்படியே, கட்டைவிரலை உள்ளே வைத்து இறுக்கி மூடிய முஷ்டியாக இருந்தது. நகம் உள்ளங்கையில் பதிவதுகூடத் தெரியும். விரி என்று மனசுக்குள் எத்தனை தடவை சொன்னாலும் விரியாது.

டாக்டர்கள் வரும்போதெல்லாம் "சாக்கிட்?" என்று மலாயில் கேட்பார்கள். வலிக்கிறதா என்று அர்த்தம். நான் இல்லை என்றேன். பொய் சொல்லவில்லை. வலி எனக்குத் தெரியும். கத்தி பட்டால் வருவது வலி, பிள்ளை பெறும்போது வருவது வலி. இது வேறு. லிஃப்ட் பழுதான நாளில் பாசாரிலிருந்து காய்கறி, மீன் என்று கனமான பிளாஸ்டிக் பைகளை விரலில் மாட்டிக்கொண்டு மாடியேறி வந்தால், பையைக் கீழே வைத்த பிறகும் விரல் மடங்கியே நின்று உள்ளுக்குள் இழுக்குமே, அதுதான் இது. அதற்குக் கடுப்பு என்றுதான் பேர். அவர்கள் கேட்ட மலாய்ச் சொல்லுக்குள் அது அடங்கவில்லை. வலி இல்லை என்று தலையாட்டிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு மாலை நேரத்தில்தான் அது அதிகமாகும். தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருப்போம், கை மெல்ல இறுக ஆரம்பிக்கும். "கை கடுக்குது" என்று சொல்ல வாயெடுப்பேன். ஆனால் இல்லாத கையைப் பெயர் சொல்லி எப்படிச் சொல்வது? இவளுக்கு மூளை கலங்கிவிட்டது என்று நினைக்க மாட்டார்களா? அதனால் கை என்ற சொல்லை மட்டும் விழுங்கிவிட்டு, "கடுப்பா இருக்கு" என்பேன். மகள் போனை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்விடுவாள். வீட்டுக்காரர் சத்தத்தைக் குறைத்துவிட்டு, பூனை மாதிரி எழுந்து வெளியே நடைபாதையில் போய் நின்றுகொள்வார். நான் படும் பாட்டைச் சொல்கிறேன், இவர்கள் எழுந்து போகிறார்களே என்று எனக்கு மனசு விட்டுப்போகும்.

இன்னொன்றும் நடந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவர் சோபாவில் எனக்கு வலதுபக்கம்தான் உட்காருவார். யாரும் சொல்லி வந்த பழக்கமில்லை. இப்போது அந்த இடத்தில் என் கை கிடந்தது. அவர் லோரிக் களைப்போடு வந்து தொப்பென்று அதன்மேல் உட்காருவார். எனக்கு உயிரே போய் வந்த மாதிரி இருக்கும். "தள்ளி உக்காருங்க" என்பேன். என் குரலுக்கு நயமாகப் பேசத் தெரியாது. சில மாலைகள் இப்படிப் போன பிறகு, அவர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து கதவோரம் போட்டுக்கொண்டார். தேநீர் அங்கே, பேப்பர் அங்கே, கால்பந்து பார்ப்பதும் அங்கே. நாற்காலி அங்கேயே குடியேறிவிட்டது.

எனக்குத் தோன்றியது ஒன்றுதான். என் குட்டைக் கையைப் பார்க்க அவருக்கு அருவருப்பு. நல்ல மனிதர், வாய்விட்டுச் சொல்ல மாட்டார், நாற்காலியை வைத்துச் சொல்கிறார். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். வெளியே வந்து அவர் காயப்போட்ட துணி கோணலாக இருக்கிறது என்று சத்தம் போட்டேன்.

அதனால்தான் எனக்குச் செயற்கைக் கை தேவைப்பட்டது. எதற்கு என்று ஆஸ்பத்திரியில் கேட்டபோது காய்கறி நறுக்க என்று சொன்னேன். உண்மையான காரணம் அந்த நாற்காலி. என் வலதுபக்கத்தில் பார்க்கும்படியாக ஒரு கை இருந்தால், அவர் பழையபடி வந்து பக்கத்தில் உட்காருவார் என்று நம்பினேன்.

முதலில் ஓர் அழகுக் கை கொடுத்தார்கள். அசையாது, சும்மா மாட்டிக்கொள்ளலாம். என் நிறத்தைவிட வெளுப்பு. தொழிற்சாலைப் பீங்கான் கைக்குத் தோல் போர்த்தியதுபோல இருந்தது. அதை மாட்டிக்கொண்டு ஒரு மாலை சோபாவில் உட்கார்ந்தேன். வீட்டுக்காரர் வந்தார், பார்த்தார், "நல்லாருக்கு" என்று சொல்லிவிட்டு நாற்காலிக்குப் போய்விட்டார். கையைக் கழற்றிப் பட்டுச்சேலைகளுக்கு அடியில் வைத்தேன். இன்றைக்கும் அது அங்கேதான் இருக்கிறது.

அசைகிற கை ஒன்று வந்திருக்கிறது என்று பிறகு தெரிந்தது. பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவீட்டு மாடியில் இருந்த சிகிச்சை நிலையத்தில் அதை இரவலாக மாட்டிப் பழக்குவார்கள். பழக்கம் வந்துவிட்டது என்று அவர்கள் எழுதிக் கொடுத்தால்தான் எனக்கென்று ஒன்று கிடைக்கும். வராவிட்டால் அசையாத கையோடு காலம் தள்ள வேண்டியதுதான். லோரிக்கு லீவு கிடைக்கும் நாளில் வீட்டுக்காரர் என்னைக் கொமுட்டர் ரயிலில் கூட்டிக்கொண்டு போவார். நான் மேலே போவேன், அவர் கீழே சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்திருப்பார். மேலே வர வேண்டாம் என்று நான்தான் சொல்லியிருந்தேன். அந்தக் குட்டைக் கையை வெளிச்சத்தில் அவர் பார்க்க வேண்டாம் என்று எனக்கு.

மாடியில் எனக்குப் பயிற்சி கொடுத்தது ஒரு மலாய்ப் பெண். என் மகளைவிடக் கொஞ்சம் பெரியவளாக இருப்பாள். என்னை ஆன்டி என்பாள். பொறுமை என்றால் அப்படி ஒரு பொறுமை, பார்க்கும்போதே எனக்கு எரிச்சல் வரும். கை எப்படி வேலை செய்யும் என்று அவள்தான் விளக்கினாள். கை போனாலும் கையை ஆட்டி வைத்த தசைகள் முழங்கைக்குக் கீழே மிச்சம் இருக்கின்றன. விரலை மடக்க நினைத்தால் அவை இன்னும் துடிக்கும். பழைய மாதிரிக் கைகள் தோலின் மேல் இரண்டே இடத்தில் அந்தத் துடிப்பைக் கேட்கும்: ஒன்று திற, ஒன்று மூடு. இந்தப் புதுக் கையின் உறைக்குள் சுற்றிலும் வளையல் மாதிரி உலோகப் பொட்டுகள் இருக்கும். எல்லாப் பக்கத்திலிருந்தும் கேட்டு, இவள் மூட நினைக்கும்போது துடிப்பு இப்படி, கிள்ளி எடுக்க நினைக்கும்போது அப்படி என்று கணினி என்னைப் படித்துக்கொள்ளும். நான் இயந்திரத்தைப் படிக்க வேண்டாம், இயந்திரம் என்னைப் படிக்கும் என்றாள். என் வீட்டில் யாரும் செய்யாத வேலை, செய்யட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் நாள் சந்தோஷமாகத்தான் இருந்தது. என் மிச்சக் கையில் பட்டையைக் கட்டினாள். எதிரே திரையில் ஒரு கை வரைந்திருந்தது, பக்கத்தில் வண்ண வண்ணக் கோடுகள் ஓடின. "துத்துப்" என்றால் மூட வேண்டும். "புக்கா" என்றால் விரிக்க வேண்டும். "ரெஹாட்" என்றால் ஓய்வு. மூடு என்றதும் மனசால் இறுக்கினேன், திரையில் கோடுகள் குதித்தன, படத்துக் கை மூடியது. எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அத்தனை நாளும் யாருக்கும் தெரியாமல் வைத்திருந்த கையை முதல்முறையாக ஒருவர் பார்த்துவிட்டதுபோல இருந்தது.

தகராறு ஓய்வில் வந்தது. ரெஹாட் என்று சொன்னதும் கோடுகள் எல்லாம் படுத்துவிட வேண்டுமாம். என்னுடையவை படுக்கவில்லை, கொதிக்கிற ரசம் மாதிரி மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருந்தன. உண்மைக் கையை மாட்டிவிட்ட பிறகு கோளாறு இன்னும் நன்றாகத் தெரிந்தது. காகிதக் கோப்பையைப் பிடிக்கச் சொன்னாள், பிடித்தேன். ஓய்வாக இருங்கள் என்றாள், இருந்தேன். கை தானாக இறுக்கிக் கோப்பையை நசுக்கியது. தண்ணீர் மேசையெல்லாம் ஓடியது. அடுத்த கோப்பையும் அப்படித்தான். துணிக்கிளிப்பை எடுத்தால் விடாது. மரக்கட்டையை எடுத்துப் பெட்டிக்குள் போட வேண்டும், போடாமல் பிடித்துக்கொண்டே நிற்கும். யாரிடமிருந்தோ பிடுங்கி வந்ததுபோல.

அவளும் எல்லாம் செய்து பார்த்தாள். வியர்வை என்று துடைத்தாள், பொட்டுகளை இடம் மாற்றினாள், உறையைத் தளர்த்தினாள், குளிர்சாதனத்தைக் கூட்டினாள். கணினிக்கு மறுபடி முதலிலிருந்து பாடம் எடுத்தோம். ஒவ்வொரு தடவையும் கடைசியில் ஒரே வார்த்தைதான் சொல்வாள்: "ரிலெக்ஸ், ஆன்டி." கோபக்காரியிடம் சொல்லக்கூடாத வார்த்தை ஒன்று உலகத்தில் உண்டென்றால் அதுதான். நான் ரிலெக்ஸாகத்தான் இருக்கிறேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன்.

இரவல் கையைத் திருப்பிக் கொடுக்கும் நாள் நெருங்கிவிட்டது. அன்றைக்குப் பார்த்துவிட்டு அவள் எழுத வேண்டும். கையை மாட்டவும் கழற்றவும் கற்றுக்கொள்ள வீட்டு ஆள் ஒருவரும் வர வேண்டும் என்று கேட்டிருந்தாள். வேறு வழியில்லாமல் வீட்டுக்காரரை மேலே கூட்டிப் போனேன். அவர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, கோயிலுக்கு வந்ததுபோல ஓரமாக உட்கார்ந்தார். தான் கொண்டுவந்த தண்ணீர்ப் போத்தலை மேசைமேல் என் முன்னால் வைத்தார். வைத்த இடம் நேராக என் முஷ்டியின் மேல்.

என்னால் அதை எடுக்கச் சொல்ல முடியவில்லை. இயந்திரக் கை பக்கத்தில் காத்திருந்தது. முதலில் கணினிக்கு ஒருமுறை பாடம் எடுத்துவிடுவோம் என்று அவள் பட்டையைக் கட்டினாள். துத்துப், புக்கா, ரெஹாட். கோடுகள் ஆடின. மறுபடியும் ரெஹாட். இன்னும் மோசமாக ஆடின. போத்தல் அழுத்த அழுத்த உள்ளே விரல்கள் இறுகின. இந்தக் கை கிடைக்கப்போவதில்லை, நாற்காலி கதவோரமே கிடக்கப்போகிறது என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து அவள் மெதுவாக, "ரிலெக்ஸ், ஆன்டி" என்றாள்.

நான் அவரிடம் திரும்பினேன். "எனக்குக் கடுப்பா இருக்குன்னு இந்தப் பிள்ளைகிட்ட சொல்லுங்க."

அவர் முகம் வாடிவிட்டது. அவளிடம் தாழ்ந்த குரலில், "டியா மாரா" என்றார். இவள் கோபமாக இருக்கிறாள் என்று. அதோடு விடாமல், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம், வீட்டிலும் தினமும் இப்படித்தான், கொஞ்ச நேரம் தனியாக விட்டுவிட்டால் சரியாகிவிடும் என்று மலாயில் சமாதானம் சொன்னார். அவள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நாற்காலியைப் பின்னால் நகர்த்தினாள்.

அந்த நாற்காலி நகர்ந்த சத்தத்தில்தான் எனக்கு எல்லாம் விளங்கியது. தினமும் என்று சொன்னாரே, அந்தத் தினமும் எது என்று விளங்கியது. கை கடுக்கிறது என்று நினைத்து நான் வாயைத் திறந்த ஒவ்வொரு மாலையும் இவர் காதில் கோபம் என்று விழுந்திருக்கிறது. அடிபட்டவள் கூப்பிட்டிருக்கிறாள், கூப்பிட்ட சொல்லே இவரை வெளியே அனுப்பியிருக்கிறது.

"மாரா இல்லங்க" என்றேன். குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. "கோவம் இல்ல. கை கடுக்குது."

"எந்தக் கை?" என்றார்.

"இந்தக் கை." வெறும் மேசையைக் காட்டினேன். "அன்னையிலேர்ந்து மூடியே கெடக்கு. தொறக்கவே மாட்டேங்குது. இப்ப உங்க போத்தல் அதுமேலதான் இருக்கு."

அவர் மேசையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சிரிக்கவில்லை, பைத்தியமா என்று கேட்கவில்லை. எழுந்து, போத்தலை இரண்டு கையாலும் பிடித்து நேராக மேலே தூக்கினார், கீழே ஏதோ நசுங்கிவிடும் என்பதுபோல. தூக்கிய போத்தலை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை. கடுப்பை மலாயில் சொல்ல அவரிடமும் வார்த்தை இல்லை. சாக்கிட் இல்லை, ஆனால், என்று இழுத்தவர் தன் வலது கையை நீட்டினார். கட்டைவிரலை உள்ளே வைக்கச் சொல்லி நான் திருத்தினேன். அப்படியே இறுக்கி மூடிக்கொண்டு காட்டினார். விடவில்லை. விரல் மொளியெல்லாம் வெளுக்கிற வரைக்கும் வைத்திருந்தார். பிறகு அவளிடம், நாள் முழுக்க இப்படி, விபத்து நடந்த நாளிலிருந்து இப்படி என்றார்.

அவள் அவருடைய முஷ்டியைப் பார்த்தாள், திரையில் என் கோடுகளைப் பார்த்தாள், நெற்றியில் தட்டிக்கொண்டாள். இயந்திரத்திலும் கோளாறு இல்லை, என்னிலும் கோளாறு இல்லை என்றாள். ஓய்வு என்று அவள் சொன்னபோதெல்லாம் நான் ஓய்வாகத்தான் இருந்திருக்கிறேன். ஆனால் என்னுடைய ஓய்வே முஷ்டியாக இருந்திருக்கிறது. கணினி நாம் சொல்லிக்கொடுப்பதைத்தான் கற்றுக்கொள்ளும். மூடு என்றாலும் முஷ்டி, ஓய்வு என்றாலும் முஷ்டி, இரண்டும் ஒன்றுதான் என்று அது கற்றுக்கொண்டுவிட்டது. போன கை இப்படி மடங்கியபடியே தங்கிவிடுவது நிறையப் பேருக்கு உண்டாம், வலி உண்டா என்று கேட்டதோடு தான் நிறுத்தியிருக்கக் கூடாது, கை எப்படி இருக்கிறது என்றும் கேட்டிருக்க வேண்டும் என்றாள். யாராவது அப்படிக் கேட்டிருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பேன்.

அன்றைக்குக் கோப்பையைத் தொடவில்லை. இடது கையை மேசைமேல் வைக்கச் சொன்னாள். இரண்டு கையையும் முதலில் இன்னும் இறுக்கி மூடி, பிறகு இரண்டையும் சேர்த்து மெல்ல விட வேண்டும், கண் திரையில் இருக்க வேண்டும் என்றாள். வீட்டுக்காரர் கேட்காமலே தன் முஷ்டியையும் என் இடது கைக்குப் பக்கத்தில் வைத்தார். இடது கை விரிந்தது, அவர் கை விரிந்தது, திரையில் படத்துக் கை நடுங்கிக்கொண்டு நின்றது. மறுபடி, மறுபடி. ஒரு தடவை கட்டைவிரல் வெளியே வந்ததுபோல இருந்தது. ஆட்காட்டி விரல் அதற்குப் பின்னால் வந்தது. கோடுகள் ஒவ்வொன்றாகத் தாழ்ந்து, கடைசியில் படுத்தன. சுண்டுவிரல் மட்டும் வரவில்லை. அது இன்றைக்கும் முழுசாக விரிவதில்லை, என் குணம் அதற்கு.

அவள் இன்னும் சில வாரங்கள் கேட்டு வாங்கி இரவல் கையை எனக்கு நீட்டித்தாள். அந்த வாரங்களில் கணினிக்கு ஓய்வு என்றால் என்ன என்று புதிதாகச் சொல்லிக் கொடுத்தோம். எனக்கும் சேர்த்துத்தான். காகிதக் கோப்பை நசுங்காமல் என் கையில் நின்ற நாளில், அதை வீட்டுக்குக் கொண்டுபோக முடியுமா என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே கொடுத்தாள்.

ஆனால் நான் சொல்ல வந்தது போத்தல் தூக்கிய நாளின் ரயில் பயணம். கொமுட்டரில் கூட்டம் அதிகமில்லை. அவர் எதிர் இருக்கையில் உட்கார்ந்து ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார். சுபாங் நிலையம் தாண்டிய பிறகுதான் வாயைத் திறந்தார்.

"அப்ப சோபாவுல நான் உக்காந்தப்பல்லாம்?"

"என் கை மேல உக்காந்தீங்க."

"சொல்லிருக்கலாம் லா."

"சொன்னேனே. கடுப்பா இருக்குன்னு."

அவர் இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நான் பக்கத்துல வர்றதே ஒனக்குப் புடிக்கலன்னு நெனச்சுட்டேன்" என்றார்.

நான் நினைத்துக்கொண்டிருந்ததை அப்போது சொன்னேன். அருவருப்பு என்ற வார்த்தையையும் சொன்னேன். ஷா ஆலாம் நிலையத்தில் கதவு திறந்து மூடியது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. லோரிக்காரர் ரயிலில் அழுகிறாரே என்று எனக்கு வெட்கமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. இத்தனை நாள் இரண்டு பேரும் ஒரே ஹாலில் உட்கார்ந்து ஆளுக்கொரு கதையை நம்பி அழுதிருக்கிறோம். அத்தனைக்கும் காரணம் ஒரே ஒரு சொல், அதுவும் எங்கள் சொந்தச் சொல்.

எனக்கென்று செய்த கை ஆண்டிறுதி மழை முடிந்த பிறகு வந்தது. அதைப் பற்றிப் பெரிதாகப் பீற்றிக்கொள்ள ஒன்றுமில்லை. கனம். நம் ஊர் வெயிலில் உள்ளே வியர்த்துவிட்டால் நான் சொல்வது அதற்குக் கேட்காது, கழற்றித் துடைத்து மறுபடி பாடம் எடுக்க வேண்டும். சுடச்சுடச் சோறு பிசைய முடியாது. மேலுறையில் மஞ்சள் ஒட்டிக்கொண்டால் போகவே போகாது. அம்மா கைக்கு நலுங்கு வெச்சிருக்கு என்று மகள் கேலி செய்கிறாள். ஆனால் வெங்காயத்தை அது அழுத்திப் பிடித்துக்கொள்ள, நான் இடது கையால் நறுக்குகிறேன். துணிக்கிளிப்பைப் பிடிக்கிறது, கேட்டால் விடுகிறது. சில நாள் கேட்டாலும் விடாது, நானும் விடமாட்டேன். சண்டைக்கு வருகிற ஒன்று கடைசியில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டது.

மாலையானால் அதைக் கழற்றி, போன்களுக்குப் பக்கத்தில் சார்ஜில் போட்டுவிடுவேன். பிறகு சோபாவில் உட்காருவேன். என் பழைய கை, கண்ணுக்குத் தெரியாதது, வந்து வலதுபக்கம் படுத்துக்கொள்ளும். சில நாள் விரிந்து கிடக்கும், சில நாள் இறுகும்.

போன வாரம் ஒருநாள் இறுகியது. "கடுப்பா இருக்கு" என்றேன்.

வீட்டுக்காரர் பேப்பரைக் கீழே வைத்தார். இப்போதெல்லாம் அவர் முதலில் கேட்கும் கேள்வி ஒன்று இருக்கிறது.

"ஒனக்கா, கைக்கா?"

"கைக்கு" என்றேன்.

எழுந்து வந்து எனக்கு வலதுபக்கம் உட்கார்ந்தார். நெருங்கி இல்லை, நடுவில் ஒரு கை கிடக்கும் அளவுக்கு இடம் விட்டு. தன் முஷ்டியை மூடிக்கொண்டு அந்த இடத்துக்குப் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு விரலாக மெல்ல விரித்தார். நானும் அவரோடு சேர்ந்து விரித்தேன். அந்த நேரம் மகள் வேலை முடிந்து வந்தாள். வழக்கம்போலக் கைப்பையைச் சோபாவில் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவே வீசப் போனாள்.

"அங்க வைக்காத லா" என்றார் அவர், தலையைத் திருப்பாமல். "அம்மா கை இருக்கு."

மகள் பையைக் கொண்டுபோய்க் கதவோரம் இருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்தாள்.